2011இல் நாங்கள் விளையாடினோம்: பவளவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பவளவிழா மலர்க் குழுவினருக்கும் பழைய மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும்,

மலரின் விளையாட்டுப் பகுதியில் உதைபந்தாட்டத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அணித்தலைவர்களின் பெயர்கள், வென்ற கிண்ணங்கள், கல்வி வலயமட்டத்தில் பெற்ற இடங்கள் எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கின்றன. 2008க்கு வந்ததும் ஒரே வரி: "2008 – 2012 காலப்பகுதியில் போர்ச் சூழல் காரணமாக அணி இயங்கவில்லை." மைதானத்தில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் அரங்கின் கறுப்புக் கல்லிலும் அதே வரியைப் பொறித்துவிட்டீர்கள்.

போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. 2011இல் எங்கள் கல்லூரிக்கு 19 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி ஒன்று இருந்தது. அது வலயமட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றது. மாகாணமட்டத்துக்குப் போனது. அங்கே படுதோல்வி அடைந்து திரும்பி வந்தது. அந்த அணியில் இடதுபுறப் பின்களத்தில் ஆடியவன் நான்.

மலர் அச்சுக்குப் போக முன்னரே இதை உங்களிடம் சொன்னேன். "தம்பி, கல்லூரி முத்திரையோடு ஆவணம் ஏதாவது இருந்தால் தாருங்கள், பரிசீலிக்கலாம்" என்று பதில் வந்தது. தம்பி என்று அன்பாகத்தான் எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன், அதற்குள் கல்லும் பொறித்தாகிவிட்டது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இதே கதையுள்ள கல்லூரிகள் வேறும் இருக்கலாம். யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

முத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. அதற்கு முன்னரே எங்கள் கல்லூரி கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்து மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது. ஜனவரி பிற்பகுதியில் உடையார்கட்டு, வள்ளிபுனம், தேவிபுரம் பக்கம் பாதுகாப்பு வலயம் என்றார்கள், அங்கே போனோம். பெப்ரவரியில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையை வலயம் என்றார்கள், அங்கேயும் போனோம். அந்த இடப்பெயர்வுகளில் எல்லாம் அன்றைய அதிபர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் மாணவர் சேர்விடாப்பையும் இறப்பர் முத்திரையையும் ஒரு பயணப் பையில் போட்டு, தன் குடும்பச் சாமான்களோடு சேர்த்துக் காவினார். மாத்தளனில் அவருடைய பதுங்கு குழி மூடுண்டபோது பையும் உள்ளே போய்விட்டது. இது உங்களில் பலருக்குத் தெரிந்த விஷயம். சிலர் அந்தக் கரையில் எங்களோடு இருந்தவர்கள். பிறகு எப்படி முத்திரை கேட்கிறீர்கள்? 2011இல் எங்கள் அணியின் பதிவுப் படிவத்துக்கே பக்கத்துப் பாடசாலை அதிபர்தான் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்தார். எங்களுடைய புதிய முத்திரை இன்னும் செய்து வந்திருக்கவில்லை.

அந்த வருடத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எழுத நிறைய இருக்கிறது.

செட்டிகுளம் முகாமிலிருந்து எங்கள் ஊருக்கு விட்டபோது கல்லூரியில் கூரையோடு ஒரு கட்டடமும் இல்லை. யுனிசெப் தந்த தறப்பாளின் கீழ்தான் வகுப்பு. மைதானத்தின் குறுக்கே மண் அணை. அதற்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பற்றை. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வகுப்பறைப் பக்கத்தையும் மைதானத்தில் அரைவாசியையும் முதலில் முடித்துத் தந்தார்கள். மிச்சத்துக்குச் சிவப்பு மண்டையோட்டுப் பலகையும் முனையில் சிவப்பு பூசிய தடிகளும்தான் எல்லை. அந்த அரை மைதானத்தில்தான் எங்கள் பயிற்சி. தடிகளுக்கு அங்கால் பந்து போனால் போனதுதான், எடுக்கப் போகக் கூடாது என்று எங்களைப் பயிற்றுவித்த சேர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு பந்து அப்படிப் பல கிழமை எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. அந்த வேலையில் இருந்த அக்காமார் தங்கள் ஒழுங்கில் ஒவ்வொரு அடியாகத் துப்புரவாக்கிக்கொண்டு வந்து, அந்த இடத்தை எட்டிய அன்று, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு அதை எங்களிடம் எறிந்தார்கள். வெயிலில் தோல் வெடித்துப்போன பந்து. அதைத் தைத்து மறுபடியும் விளையாடினோம்.

இதனால் எங்கள் ஆட்டத்துக்கே ஒரு விதம் வந்துவிட்டது. உயரமாகவும் தூரமாகவும் அடித்தால் பந்து போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் காலுக்குக் காலாகக் குறுகிய தூரத்துக்குத்தான் கொடுப்பார்கள். வேறு அணிகள் பந்தை மேலே தூக்கி அடித்துவிட்டு ஓடும், நாங்கள் நிலத்தோடு கொண்டு போவோம். பார்த்தவர்கள் இதை ஏதோ நுட்பம் என்று நினைத்தார்கள். எங்களுக்கு அது பழக்கம், அவ்வளவுதான்.

கோல் கம்பம், இடிந்த கட்டடத்திலிருந்து கழற்றிய இரும்புக் குழாய். வலை, கரைவலையில் பாவித்துக் கழித்த துண்டு. மைதானத்துக்குக் கோடு போட அடுப்புச் சாம்பல். பாதிப் பேருக்குப் பூட்ஸ் கிடையாது. பயிற்றுவித்தவர் விளையாட்டு ஆசிரியர் அல்ல, கணித பாட சேர். உதைபந்தாட்டம் அவருக்கு எங்களை விடக் கொஞ்சம்தான் கூடத் தெரியும். முள்ளிவாய்க்காலில் அவர் யாரைப் பறிகொடுத்தார் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவர் சொல்ல வேண்டிய கதை. பின்னேரம் மூன்றரைக்கு விசிலோடு வந்து நிற்பார், இருட்டும்வரை நிற்பார்.

எங்கள் கோல் காப்பாளருக்கு இடது காது கேட்காது. செல் பக்கத்தில் விழுந்ததில் போனது. பின்களத்தில் இடதுபுறம் நிற்பவன் என்ன கத்தினாலும் அவனுக்கு எட்டாது. ஆகவே எதிரணிக்கு மூலை உதை கிடைத்தால் நான் ஓடிப்போய் அவனுடைய முழங்கையைத் தொட வேண்டும். ஒரு தட்டு என்றால் "நான் எடுக்கிறேன்", இரண்டு தட்டு என்றால் "நீ வா". நடுக்களத்தில் ஆடியவனின் தொடையில் பீஸ், அதாவது செல் துண்டு, இருந்தது. நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொடாமல் விடுவது நல்லது என்று வவுனியா ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மழைக்குக் கால் இழுக்கும். மழை நாளில் அவனை முன்னுக்கு விட்டுவிட்டு வேறொருவனை நடுவில் போடுவார் சேர். முன்களத்தில் இருந்தவர்களில் ஒருவன் கடைசிச் சண்டைக் காலத்தில் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவன். சரணடைந்த பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரியில் புனர்வாழ்வு முடித்து வந்தான். எங்களை விட நல்ல உடற்பயிற்சி, எங்களை விடக் குறைந்த பேச்சு. அவன் போட்ட கோல்கள்தான் எங்களை வலயத்தில் மேலே கொண்டு போனது.

பதிவுக்கு வயது அத்தாட்சி வேண்டும் என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? அந்த நாட்களில் நடமாடும் சேவை வரும். அப்புறம் மாவட்டச் செயலகத்தில் வரிசை. கிராம சேவையாளரின் கடிதம், சத்தியக் கடதாசி, பிறந்த ஆஸ்பத்திரியின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் ஒரு துண்டு எடுக்கலாம். நடுக்களக்காரனின் தாயும் தகப்பனும் இருவருமே இல்லை, அவனுக்காகச் சத்தியம் செய்ய ஒரு மாமாவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்துக்கு அவனுடைய துண்டு வந்து சேரவில்லை. கோட்டுக்கு வெளியே இருந்து பார்த்தான். ஆவணம் இல்லை என்று அவனை ஒருமுறை வெளியே நிறுத்தியாயிற்று. இப்போது அதே காரணத்தைச் சொல்லி முழு அணியையும் வெளியே நிறுத்துகிறீர்கள்.

முதல் ஆட்டம் எங்களைப் போலவே மீளக்குடியமர்ந்த இன்னொரு பாடசாலையோடு. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கால். எங்களில் அரைவாசி. பூட்ஸ் போட்டவன் மிதித்தால் போடாதவனுக்கு என்ன ஆகும்? இரண்டு தலைவர்களும் நடுவில் நின்று பேசி, எல்லோரும் கழற்றுவது என்று முடிவெடுத்தார்கள். காலணி கட்டாயம் என்பது உதைபந்தாட்டத்தின் நான்காம் விதி. நடுவருக்கு அது தெரியாமல் இருக்காது. எங்கள் எல்லோருடைய கால்களையும் ஒருமுறை பார்த்தார், பிறகு விசிலை ஊதினார். 1–0 என்று வென்றோம். அரையிறுதியில் சமநிலை, தண்ட உதையில் முடிந்தது. காது கேட்காதவன்தான் கடைசி உதையைப் பிடித்தான். இறுதியில் கிளிநொச்சி நகரத்து அணியிடம் 2–1 தோல்வி. ஆட்டங்களுக்கு நாங்கள் போனது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில். கிளிநொச்சிச் சந்திக்குக் கிட்ட அப்போது அந்தப் பெரிய தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெட்டிக்குள் ஜேர்சியோடு இருந்தோம். எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. உங்களுக்கு ஆவணம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஒருவரைக் கேட்டிருப்பேன்.

மாகாணமட்டம் யாழ்ப்பாணத்தில். 6–0. மறைக்க ஒன்றுமில்லை. முழு அளவு மைதானத்தில், ஒழுங்கான புல்லில், உயரமாக வரும் பந்துக்கு எங்களுக்குக் கால் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. அரை மைதானத்தில் பழகியவர்களுக்கு மற்ற அரைவாசி புதிய ஊராக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநர் எங்கள் சேரிடம் வந்து, அந்த முன்களப் பையனை விடுமுறையில் தங்களோடு பயிற்சிக்கு விட முடியுமா என்று கேட்டார். சேர் அவனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தான். வெளியூரில் இரவு தங்குவதென்றால் அவன் இராணுவ முகாமில் அறிவித்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்தும் சொல்ல வேண்டும். "பார்ப்பம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அவன் போகவில்லை.

ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை வந்தது. பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் ஸ்கோர் (Z-score) புள்ளிக் குழப்பத்தில் நாடே ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்ட பரீட்சை அதுதான். அதே மாதம் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்க வரும் கிறீஸ் பூதம் என்று ஒரு கதை வடக்கு கிழக்கு முழுவதும் கிளம்பியது. வீட்டில் பெண்கள் தனியே இருக்கப் பயந்தார்கள், பொழுதுபட்டால் ஆண்பிள்ளைகள் வாசலில் காவல் இருந்தார்கள். பின்னேரப் பயிற்சி நின்றது. அந்த அணி அத்தோடு கலைந்தது. "போர்ச் சூழல் காரணமாக" என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த வகையிலும் பிழை. எங்களை நிறுத்தியது பரீட்சையும் பூதமும்.

இனி ஆவணத்துக்கு வருகிறேன். சேர் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யார் எந்த இடம், யார் கோல் போட்டது, எத்தனையாவது நிமிடம் என்று நீல மையில் எழுதியிருக்கிறார். இடையிடையே திரிகோண கணிதமும் இருக்கும், ஏனென்றால் அவருக்குக் கிடைத்த கொப்பி அது ஒன்றுதான். அதன் பக்கங்களைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். வலயமட்ட இரண்டாம் இடத்துக்கான சான்றிதழ் இரண்டு பேரிடம் பத்திரமாக இருக்கிறது. அதையும் அனுப்பினேன். சான்றிதழில் கல்லூரியின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது, ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது என்றீர்கள். ஐயா, அந்த வருடம் எங்களுடைய அடையாள அட்டைகளிலேயே எழுத்துப்பிழை. அதற்காக நாங்கள் பிறக்கவில்லை என்றாகிவிடுமா?

உலகக் கிண்ணப் பட்டியலில் 1942உம் 1946உம் வெற்றிடம். போரால் அந்த இரண்டு முறையும் போட்டி நடக்கவில்லை. 1938க்குப் பிறகு 1950இல்தான் பிரேசிலில் மறுபடி ஆடினார்கள். நடக்காததை நடக்கவில்லை என்று எழுதுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுடையது நடந்தது. யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய நிதியில் புனரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18ஆம் திகதி திறக்கப்பட்டது என்று கேட்ட உடனே சொல்லலாம், கல்வெட்டு இருக்கிறது. கட்டடங்களுக்குத் திகதி வைப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர். உங்களுடைய புதிய அரங்குக்கும் அடிக்கல் நாள், திறப்பு நாள், நன்கொடையாளர் ஒவ்வொருவரும் தந்த தொகை எல்லாம் சதம் வரை சரியாக இருக்கிறது.

ஆவணம்தான் உண்மையான பிரச்சினை என்று நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது, அதையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

எங்களுக்கு முதல் பந்து பக்கத்து இராணுவ முகாமின் சிவில் அலுவலகத்திலிருந்து வந்தது. அந்த நாட்களில் நாலு பேர் கூடி ஒரு விளையாட்டு வைப்பதென்றாலும் அங்கே சொல்லாமல் வைக்க முடியாது. சொல்லப் போன இடத்தில் சேரிடம் இரண்டு பந்தும் ஒரு பம்பும் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அந்த முகாமின் அதிகாரி பிரதம விருந்தினராக வந்தார். மாலை போட்டோம். கைலாகு கொடுத்தோம். எங்களோடு வரிசையில் நின்ற நடுக்களக்காரனின் மனதில் அப்போது என்ன ஓடியது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்த நாளின் படம் ஒன்று இருக்கிறது. எங்களிடம் உள்ள ஒரே அணிப்படமும் அதுதான். "அந்தப் படத்தைப் போட்டால் வெளிநாட்டுக் கிளைகள் என்ன நினைக்கும்?" என்று குழுவில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். புனர்வாழ்வு பெற்று வந்த பையனின் பெயரை மலரில் போட்டால் இங்கே வேறு யாராவது விசாரிக்க வருவார்களோ என்று இன்னொருவர் பயந்ததாகவும் கேள்வி. ஒருவருக்கு அங்கிருந்து வரும் பேச்சுப் பயம், மற்றவருக்கு இங்கிருந்து வரும் விசாரணைப் பயம். இரண்டுக்கும் சேர்த்து வசதியான ஒரு வழி கண்டுபிடித்தீர்கள்: அணியே இருக்கவில்லை.

இரண்டாவது பயம் எனக்கு விளங்குகிறது, அதை நான் இளக்காரம் செய்யவில்லை. முதலாவதைத்தான் ஏற்க மாட்டேன். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் அண்ணாமார் காசு அனுப்பி இந்தக் கல்லூரியை எழுப்பினார்கள், அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அவர்களில் பலர் 2009இல் எங்களுக்காக வீதியில் நின்றவர்கள். ஒரு படத்தைப் பார்த்து எங்களைத் தவறாக நினைப்பார்கள் என்று நீங்களாகவே தீர்மானித்தது அவர்களுக்கும் மரியாதை அல்ல. தோற்ற ஊரில், வென்றவன் தந்த பந்தால் பிள்ளைகள் விளையாடினார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பந்து வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால், பதினேழு வயதில் அந்தத் தறப்பாளின் கீழ் இருந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும். நாங்கள் பந்தை வாங்கினோம், விளையாடினோம். வேறு போக்கிடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. விளையாட ஆசையாக இருந்தது என்பதும் உண்மை.

இன்னொன்று. எங்களோடு படித்த பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணியும் அந்த வருடம் ஆடியது. அவர்களைப் பற்றி மலரில் "இயங்கவில்லை" என்ற வரிகூட இல்லை. முகாமிலேயே பொலித்தீன் சுற்றிய பந்தோடு ஆட்டம் வைத்தவர்கள், வந்த கையோடு எல்லே ஆடியவர்கள் என்று கேட்டால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கவே இல்லை. மலர்க் குழுவில் 2009க்குப் பிறகு படித்தவர்கள் ஒருவரும் இல்லை என்பது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? கூட்டம் ஒவ்வொரு முறையும் வேலை நாளில் காலையில். நாங்கள் கராஜிலும் வயலிலும் கடலிலும் நிற்கும் நேரம் அது.

ஆகவே நான் கேட்பது இவைதான்.

அரங்கின் கல்லில் உள்ள அந்த வரியை எடுங்கள். கல்லை மாற்றக் காசு இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் அணியில் ஊரில் இருப்பவர்கள் சேர்ந்து கொடுக்கிறோம். அந்த இடத்தில் 2011 அணி வலயமட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றதையும் மாகாணமட்டத்தில் ஆடியதையும் பொறியுங்கள். 6–0 என்பதையும் போடுவதானால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. 2008 முதல் 2012 வரையான மற்ற வருடங்களுக்கு, உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். இயங்கவில்லை என்று எழுதாதீர்கள்.

விற்காமல் மிஞ்சியிருக்கும் மலர்களுக்குள் ஒரு திருத்தத்தாள் வையுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் பிரதியிலும் திருத்துங்கள். அதில் அணியினரின் பெயர்களைப் போட முன்னர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்பவருக்கு அவர் ஆடிய இடத்தை மட்டும் போட்டால் போதும். முன்களத்தில் ஆடியவனின் விருப்பத்தை அவனிடமே கேளுங்கள், அவனுக்காக நீங்கள் பயப்பட வேண்டாம். சம்மதம் வாங்கித் தரும் வேலையை நானே செய்கிறேன்.

கணித பாட சேர் ஓய்வுபெற்று வவுனியாப் பக்கம் இருக்கிறார். பயிற்றுநர் வரிசையில் அவருடைய பெயர் வர வேண்டும். பவளவிழாவுக்கு அவருக்கு அழைப்பிதழ்கூடப் போகவில்லை. யாராவது நேரில் போய் அதற்கு வருத்தம் தெரிவித்து, அந்தக் கொப்பியின் பிரதி ஒன்றைக் கல்லூரி நூலகத்துக்குக் கேட்டு வாங்குங்கள். மூலத்தைக் கேட்காதீர்கள், அவர் தரமாட்டார், தரவும் கூடாது.

அணிப்படத்தை வெட்டாமல் போடுங்கள். விருந்தினரை வெட்டிவிட்டு எங்களை மட்டும் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம்.

2009 முதல் 2012 வரை முகாமிலும் தறப்பாளிலும் படித்த மாணவர்களிடம் வாய்மொழியாகக் கேட்டு எழுத ஒரு சிறு குழு அமையுங்கள். அதில் அந்தக் காலத்தில் படித்தவர்கள் அரைவாசிப் பேராவது இருக்க வேண்டும், வலைப்பந்தாட்ட அணியிலிருந்து ஒருவராவது இருக்க வேண்டும். கூட்டத்தை ஞாயிறு பின்னேரத்தில் வையுங்கள்.

புதிய அரங்கு கட்டிய பிறகு மைதானத்தின் கேற்றைப் பின்னேரம் நான்கு மணிக்கே பூட்டுகிறீர்கள். ஊர்ப் பெடியள் வெளியே றோட்டில் விளையாடுகிறார்கள். கேற்றை இருட்டும்வரை திறந்து விடுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்னர் இதற்கு எழுத்தில் பதில் வேண்டும், சங்கத்தின் கடிதத் தலைப்பில், தலைவரின் கையெழுத்தோடு. முத்திரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
2011 அணியின் இடதுபுறப் பின்கள ஆட்டக்காரன்,
கிளிநொச்சி